பாகனை இழந்த யானை: டைட்டன்ஃபால் 2 விளையாட்டின் கதையும் ஆட்டமும்

அறிவியல் புனைவுப் போர் விளையாட்டுகளில் கதை என்பது பெரும்பாலும் இரண்டு சண்டைகளுக்கு நடுவே வரும் காணொளியாகவே இருந்துவிடுகிறது. விளையாடுபவர் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுப் படைத்தலைவர்கள் பேசுவதைக் கேட்கிறார். பேச்சு முடிந்ததும் மீண்டும் துப்பாக்கியைத் தூக்குகிறார். பேசியதற்கும் சுட்டதற்கும் ஏதாவது தொடர்பு இருந்ததா என்று எண்ணிப் பார்ப்பதற்குள் அடுத்த காணொளி வந்துவிடுகிறது. ரெஸ்பான் என்டர்டெயின்மென்ட் உருவாக்கி, எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2016 அக்டோபர் 28 அன்று பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், விண்டோஸ் கணினி ஆகியவற்றுக்கு வெளியிட்ட டைட்டன்ஃபால் 2 அந்த வழக்கத்திலிருந்து விலகி நிற்கிறது. தாளில் எழுதிப் பார்த்தால் அதன் கதை மிகச் சாதாரணமானது. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். ஆனால் அந்தக் கதையின் உணர்ச்சி வசனங்களிலிருந்து வருவதைவிட, விளையாடுபவரின் விரல்கள் மெல்லக் கற்றுக்கொள்ளும் ஒரு நம்பிக்கையிலிருந்தே அதிகம் வருகிறது. மூன்றாவது முறை முடித்த பிறகும் அது எனக்குப் பழசாகவில்லை என்பதால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதைப் பற்றி விரிவாக எழுத விரும்புகிறேன்.

கதை நடக்கும் இடம், மனிதர்கள் குடியேறிய தொலைதூரக் கோள்கள் அடங்கிய எல்லைப்புறம். அங்குள்ள வளங்களை எடுப்பதற்காக வந்த ஐ.எம்.சி. என்ற பெரு நிறுவனம் தன் சொந்தப் படையோடு அந்தக் கோள்களை ஆள முயல்கிறது. அதை எதிர்த்துக் குடியேறிகள் சேர்ந்து அமைத்த படையே மிலிஷியா. இந்தப் போரில் இரண்டு தரப்பிலும் மிகவும் மதிக்கப்படுபவர்கள் பைலட்கள். பெயரைப் பார்த்து விமானம் ஓட்டுபவர்கள் என்று எண்ண வேண்டாம். முதுகில் கட்டிய சிறு உந்துகருவியின் துணையால் சுவரில் ஓடவும் காற்றிலேயே இரண்டாம் முறை தாவவும் பயின்றவர்கள் அவர்கள். டைட்டன் எனப்படும் மாபெரும் இரும்புப் போர் எந்திரத்தின் மார்புக்குள் அமர்ந்து அதை இயக்குபவர்களும் அவர்களே. நம் கதாநாயகன் ஜாக் கூப்பர் பைலட் அல்லன். மிலிஷியாவில் மூன்றாம் நிலைத் துப்பாக்கி வீரன். கேப்டன் லாஸ்டிமோசா என்ற மூத்த பைலட் அவனிடம் ஏதோ திறமையைக் கண்டு, ஓய்வு நேரத்தில் முறைப்படி அல்லாமல் அவனுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறார்.

டைஃபான் என்ற கோளின் மீது மிலிஷியா நடத்தும் தாக்குதல் தொடக்கத்திலேயே நொறுங்குகிறது. லாஸ்டிமோசா உயிரிழக்கிறார். சாகும் தறுவாயில் அவர் தம்முடைய டைட்டனின் பொறுப்பைக் கூப்பரிடம் ஒப்படைக்கிறார். பி.டி.-7274 என்ற அந்த டைட்டன், மிலிஷியா தானே வடிவமைத்த வேன்கார்ட் வகையைச் சேர்ந்தது; தனக்கென அறிவும் குரலும் நினைவும் கொண்டது. யானையையும் பாகனையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த உறவை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாகன் இறந்தால் யானைக்கு வேறொருவரை அமர்த்திவிடலாம், அங்குசம் கைமாறிவிடும், ஆனால் யானை அந்தப் புதியவனை ஏற்றுக்கொள்வது ஒரு நாளில் நடப்பதில்லை. டைட்டன்ஃபால் 2-இன் கதை முழுவதும் அந்த ஏற்றுக்கொள்ளுதல்தான். இதில் அழகு என்னவென்றால், புதிய பாகனுக்கும் வேலை தெரியாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பழக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பழக்கம் ஓட்டத்தில் தொடங்குகிறது. கதையின் முதல் காட்சியே ஒரு பயிற்சிக் களம். சுவர்கள், இடைவெளிகள், குறுகிய வழிகள், இலக்குப் பொம்மைகள் ஆகியவை கொண்ட அந்தப் பாதையை எவ்வளவு விரைவில் கடக்கிறோம் என்று கணக்கிட்டு, எந்தக் கடின நிலையில் ஆடலாம் என்று விளையாட்டு நமக்குப் பரிந்துரைக்கிறது. முதல் முறை ஓடும்போது எல்லாரும் மற்ற ஷூட்டர்களில், அதாவது துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில், ஓடுவதைப் போலத்தான் ஓடுவார்கள்: தரையில் கால் பதித்து, மூலைகளில் நின்று, குறிபார்த்து. நேரம் மோசமாக வரும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை ஓடும்போதுதான் ஓர் உண்மை புலப்படும். இந்த உலகில் தரைதான் மெதுவான இடம். சுவரில் ஓடினால் வேகம் கூடுகிறது. சுவரிலிருந்து தாவி, இறங்கும் கணத்தில் சறுக்கினால் அந்த வேகம் குறையாமல் கையில் நிற்கிறது. சறுக்கலின் முடிவில் மீண்டும் தாவினால் அடுத்த சுவர் காத்திருக்கிறது. இந்தச் சங்கிலியை அறுபடாமல் பின்னத் தெரிந்துகொண்டவர், எதிரிகள் நிறைந்த ஒரு கூடத்தை முழுவதுமாக, ஒரு முறைகூடத் தரையில் நிலையாக நிற்காமல் கடந்துவிட முடியும்.

நான் பல ஷூட்டர்களை ஆடியிருக்கிறேன். குறிபார்த்துச் சுடுவதன் திருப்தியை நன்றாகக் கொடுத்தவை அவற்றில் பல உண்டு; நகர்வதையே இவ்வளவு பெரிய இன்பமாக்கியவை மிகச் சில. பரபரப்பாக இருந்தாலும் இது குழப்பமான வேகம் இல்லை. சுவரில் ஓடும்போது திரை சற்றே சாய்கிறது; கை சுவரைத் தொட்டுக்கொண்டே செல்கிறது; காலடிச் சத்தம் மாறுகிறது; எந்தக் கணத்தில் பிடி விடுபடும் என்பதை உடல் தானாக உணரத் தொடங்குகிறது. வால்வ் நிறுவனத்தின் சோர்ஸ் எஞ்சின் என்ற விளையாட்டு உருவாக்க மென்பொருளை ரெஸ்பான் வெகுவாகத் திருத்தி எழுதி, கன்சோல்களிலும் திரையில் நொடிக்கு 60 படங்களை இலக்காக வைத்து இதை உருவாக்கியிருப்பது இந்த இடத்தில்தான் பயன் தருகிறது. விரலை அழுத்தும் கணத்திற்கும் உடல் தாவும் கணத்திற்கும் இடையில் தயக்கம் இருந்தால் இந்த விளையாட்டே நின்றிருக்காது.

இனி பி.டி.யிடம் வருவோம். கூப்பர் பொறுப்பேற்கும்போது அது பழுதடைந்து கிடக்கிறது. எழுந்து நடக்க அதற்கு மின்கலங்கள் தேவை. ஆகவே முதல் வேலையாக அந்தப் புதிய பாகன், விழுந்து கிடக்கும் வேறு டைட்டன்களிலிருந்து மின்கலங்களைத் தேடி எடுத்துவந்து பொருத்த வேண்டும். இந்தச் சிறிய வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். பெரும்பாலான விளையாட்டுகள் இப்படிப்பட்ட எந்திரத்தை ஒரு பரிசாகவோ ஆயுதமாகவோ கையில் கொடுத்துவிடும். இங்கே நாம் அதைப் பயன்படுத்தும் முன்பு அதற்குச் சிகிச்சை செய்கிறோம். காட்டில் அலையும் விலங்குகளுக்கு அஞ்சி, தனியாக ஓடி, திரும்பி வந்து, அந்தப் பெரிய உடலின் அருகில் வரும்போது ஒரு பாதுகாப்பு உணர்வு பிறக்கிறது. அதற்கு நாம் தேவை, நமக்கு அது தேவை என்பதை ஒரு வசனமும் இல்லாமலே விளையாட்டு நிறுவிவிடுகிறது.

பி.டி.யின் மனத்தை ஆள்பவை மூன்று நெறிமுறைகள்: பைலட்டுடன் இணைதல், பணியை நிறைவேற்றுதல், பைலட்டைப் பாதுகாத்தல். அது இவற்றை எண்ணிட்டு, உணர்ச்சியற்ற குரலில், அலுவலகச் சுற்றறிக்கை வாசிப்பதுபோல் சொல்கிறது. க்ளென் ஸ்டைன்பாமின் குரல் அந்த எந்திரத்தன்மையை எங்கும் கைவிடாமலே, அதற்குள் ஓர் அக்கறையை மெல்ல வரவைத்திருக்கிறது. மேத்யூ மெர்சர் குரல் கொடுத்த கூப்பர், அஞ்சும்போது கேலி பேசும் இளைஞன், பி.டி. அந்தக் கேலியை அப்படியே நேர்பொருளில் எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். உரையாடல்களில் சில இடங்களில் இரண்டு பதில்கள் திரையில் தோன்றும். ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், பேசாமலும் இருக்கலாம். எதைத் தேர்ந்தாலும் கதை மாறாது. சிலர் இதைக் குறையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். என் எண்ணம் வேறு. வழித்துணையுடன் பேசும் பேச்சில் பெரும்பகுதி எதையும் மாற்றுவதற்காகப் பேசப்படுவதில்லை. ஒரு சண்டை முடிந்து, அடுத்தது தொடங்கும் முன் நடக்கும் தூரத்தில், பதில் சொல்வதா வேண்டாமா என்று நாம் ஒரு கணம் நின்று யோசிக்கிறோமே, அந்தக் கணத்தில்தான் நட்பு வளர்கிறது.

கதைப்பகுதியை முடிக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் போதும். அந்த ஆறு மணி நேரத்திற்குள் இவ்வளவு வெவ்வேறு அனுபவங்கள் இருப்பதற்கு உருவாக்கிய முறையே காரணம். ரெஸ்பானின் வடிவமைப்பாளர்கள் முதலில் கதையை எழுதிவிட்டு அதற்கேற்ற நிலைகளைக் கட்டவில்லை. ஒவ்வொருவரும் ஒரு விளையாட்டுக் கருத்தைச் சிறு மாதிரியாகச் செய்துகாட்ட, அவற்றில் உயிருள்ளவற்றைப் பொறுக்கியெடுத்து, அவற்றைச் சுற்றிக் கதையைக் கோத்தார்கள். அதனால் ஒவ்வொரு கட்டத்திற்கும் தனக்கென ஒரு சிந்தனை இருக்கிறது. அந்தச் சிந்தனை சலிப்பதற்கு முன்பே விளையாட்டு அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு, பாதாளத்தில் என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட கட்டம். கூப்பர் பி.டி.யிடமிருந்து பிரிக்கப்பட்டு, ஐ.எம்.சி.யின் மாபெரும் தொழிற்கூடத்திற்குள் தள்ளப்படுகிறான். அங்கே உற்பத்தியாவது முழு வீடுகள். சுவர்ப்பலகைகள், தரைத்துண்டுகள், புல்வெளிகூடத் தட்டுகளாக வந்து, எந்திரக் கைகளால் தூக்கப்பட்டு, திருப்பப்பட்டு, ஒன்றோடொன்று பொருத்தப்படுகின்றன. நாம் அந்த உற்பத்தி வரிசையின் மீதே பயணம் செய்கிறோம். சற்றுமுன் தரையாக இருந்தது சுவராகச் சாய்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் சுவர் திடீரென்று மேலே தூக்கப்படுகிறது. இறுதியில் அந்த வீடுகள் எல்லாம் சேர்ந்து ஓர் அமைதியான ஊராக நிற்பதைக் காண்கிறோம். அந்த ஊர் போர்ப்பயிற்சிக்காகக் கட்டப்பட்ட போலி ஊர் என்பது தெரியவரும்போது வயிற்றில் ஏதோ கனக்கிறது. ஒரு நிறுவனம், தான் பின்னர் அழிக்கப்போகும் வாழ்விடங்களைப் பயிற்சிக்காக வரிசையில் தயாரிக்கிறது என்பதை எந்தக் கதாபாத்திரமும் சொற்பொழிவாற்றிச் சொல்லவில்லை. நாம் அதன் மீது ஓடித் தெரிந்துகொள்கிறோம்.

இதற்கு அடுத்து வரும் கட்டம்தான் இந்த விளையாட்டின் சிகரம். விளைவும் காரணமும் என்று முறைமாற்றிப் பெயரிடப்பட்ட அந்தக் கட்டத்தில், மேஜர் ஆண்டர்சன் என்ற மிலிஷியா அதிகாரியைத் தேடி, பாழடைந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்திற்குள் கூப்பர் நுழைகிறான். கூரைகள் இடிந்திருக்கின்றன, தீ எரிகிறது, செடிகள் உள்ளே புகுந்திருக்கின்றன, கொடிய விலங்குகள் அலைகின்றன. ஒரு கதவைக் கடக்கும்போது, கண் இமைக்கும் நேரத்திற்கு, அதே கூடம் பளிங்குபோல் துலங்குகிறது, விளக்குகள் எரிகின்றன, பணியாளர்கள் நடமாடுகிறார்கள். அடுத்த கணம் மீண்டும் இடிபாடு. ஏதோ பிழையாகக் கண்டுவிட்டோமோ என்ற ஐயத்தோடு முன்னே செல்கிறோம். ஆண்டர்சனைக் கண்டுபிடிக்கும் விதம் மறக்க முடியாதது: அவருடைய உடலின் ஒரு பாதி கூரைக்குள் புதைந்திருக்கிறது. காலம் மாறும் கணத்தில் அவர் தவறான இடத்தில் இருந்திருக்கிறார். அவரிடமிருந்து எடுக்கும் கைக்கருவி இப்போது நம் கையில் வருகிறது. அதே விபத்து நமக்கும் நேரலாம் என்ற அச்சமும் அதனோடு வருகிறது.

அதன் பிறகு ஒரே பொத்தானில் இரண்டு காலங்கள். இறந்தகாலத்தில் காவலர்கள் சூழ்ந்துகொண்டால் நிகழ்காலத்திற்குத் தாவி, அவர்கள் நின்ற இடத்தைச் சுற்றி நடந்து, அவர்களுக்குப் பின்னால் போய் மீண்டும் இறந்தகாலத்தில் தோன்றலாம். நிகழ்காலத்தில் தீ வழியை மறித்தால், தீப்பிடிக்காத காலத்தின் வழியே கடக்கலாம். சண்டை இப்படி ஒரு புதிராகிறது. அதையும்விட உயர்ந்தது ஓட்டம்: ஒரு காலத்தில் மட்டுமே இருக்கும் சுவரில் ஓடி, தாவி, அந்தரத்தில் இருக்கும்போதே காலத்தை மாற்றி, மறுகாலத்தில் மட்டுமே இருக்கும் சுவரைப் பிடிக்க வேண்டும். முதல் முறை இதைச் செய்யும்போது, கீழே தெரியும் பள்ளத்தைப் பார்த்து விரல் தயங்குகிறது. மூன்றாவது முறை தயங்குவதில்லை. இன்னும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவரை நம்பித் தாவ நாம் கற்றுக்கொண்டுவிடுகிறோம். தொழில்நுட்ப அடிப்படையில் பார்த்தால், ஒரே வரைபடத்தில் இரண்டு நிலையங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிவைத்து, பொத்தானை அழுத்தும்போது விளையாடுபவரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இடம்மாற்றுகிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் அதன் மந்திரம் எனக்குக் குறையவில்லை.

இந்தக் கட்டத்தில் கதைக்கும் முக்கியமான வேலை இருக்கிறது. ஐ.எம்.சி. கண்டெடுத்த ஆர்க் என்ற ஆற்றல்மூலத்தையும், ஒரு கோளையே அழிக்கவல்ல ஃபோல்டு ஆயுதத்தையும், அந்த ஆராய்ச்சி நிலையம் எப்படிப் பாழானது என்பதையும் நாம் இங்கேதான் அறிகிறோம். வெடிப்பு நிகழும் கணத்தில் காலம் உறைந்து நிற்க, அந்த உறைந்த பேரழிவின் நடுவே நாம் நடந்து செல்லும் காட்சி ஒன்று உண்டு. யாரும் பேசுவதில்லை. ஒவ்வொருவரும் தாம் இருந்த நிலையிலேயே நிற்கிறார்கள். சற்று முன்பு நாம் சுட்டுக்கொண்டிருந்த எதிரிகளின் முகங்களை நெருங்கிப் பார்க்க விளையாட்டு நமக்கு நேரம் தருகிறது. கட்டம் முடிந்ததும் கைக்கருவி பயனற்றுப்போகிறது. பிறகு அது வருவதே இல்லை. வேறொரு நிறுவனமாக இருந்தால் இந்த ஒரு கருத்தை வைத்தே தனி விளையாட்டு ஒன்றைச் செய்திருக்கும். அதை ஒரே கட்டத்தில் முழுவதுமாகக் கொடுத்துவிட்டு நகரும் தாராள மனம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

அடுத்து வரும் ஒலிபரப்புக் கோபுரக் கட்டத்தில் கதையின் ஆணிவேர் இருக்கிறது. மிலிஷியாவின் கடற்படை போன்ற விண்படைக்குச் செய்தி அனுப்புவதற்காக அந்தப் பெரிய தகவல்தொடர்புக் கோபுரத்தைச் சீர்செய்ய வேண்டும். தாண்ட முடியாத இடைவெளி ஒன்று குறுக்கே வருகிறது. பி.டி. தன் கணக்கைச் சொல்கிறது: உன்னைத் தூக்கி எறிகிறேன். கூப்பர் அஞ்சுகிறான். தன்னை நம்பும்படி பி.டி. கேட்கிறது. எறியப்படும் கணத்தில் கட்டுப்பாடு நம்மிடம் இல்லை. காற்றில் பறந்து, இறுதியில் விழும்போதுதான் மீண்டும் நம் கைக்கு வருகிறது. இதுவரை நம் ஓட்டமெல்லாம் நம் விரல்களின் திறமையாக இருந்தது. இங்கே முதல் முறையாக நம் உடலை முழுவதுமாக இன்னொருவரிடம் ஒப்படைக்கிறோம். அது சரியாகவே எறிந்திருக்கிறது. பிறகு இது பல முறை நடக்கிறது, ஒவ்வொரு முறையும் அச்சம் சற்றுக் குறைகிறது. பாகன் யானையை நம்பிக் காட்டாற்றில் இறங்குவது இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

டைட்டனுக்குள் அமர்ந்து ஆடும் சண்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பைலட்டாக ஓடும்போது இருந்த காற்றுத்தன்மை இங்கே அப்படியே கனமாக மாறுகிறது. அடி எடுத்து வைக்கும்போது தரை அதிர்கிறது. விலகித் தப்புவதற்கு எண்ணிக்கை உண்டு. சேதம் தானாக ஆறாது, மின்கலம் கிடைத்தால்தான் தாங்கும் வலு திரும்பும். கதை நகர நகர, பி.டி.க்குப் புதிய ஆயுதத் தொகுப்புகள் கிடைக்கின்றன. நெருப்பைத் தரையில் பரப்பும் ஸ்கார்ச், வாளால் வெட்டவும் தடுக்கவும் வல்ல ரோனின், தொலைவிலிருந்து துளைக்கும் நார்த்ஸ்டார், சுழலும் பெரும் துப்பாக்கி கொண்ட லீஜியன் என்று எட்டு தொகுப்புகள் சேர்கின்றன. அவற்றைச் சண்டையின் நடுவிலேயே மாற்றிக்கொள்ளலாம். எனக்கு ரோனின் பிடித்தது. ஏவுகணைகள் வரும்போது வாளைக் குறுக்கே பிடித்து, மறுகணம் எதிரியின் மீது பாயும் தாளம் வேறு எதிலும் கிடைக்கவில்லை. ஆயினும் உண்மையைச் சொன்னால், டைட்டன் சண்டைகள் பைலட் ஓட்டத்தின் உயரத்தை எட்டவில்லை. தலைமை எதிரிகளுடனான மோதல்கள் பெரும்பாலும் ஒரு திறந்த வெளி, சில தூண்கள், எதிரியின் வலுவைக் காட்டியபடி மெல்லக் குறையும் ஒரு பட்டை என்ற அமைப்பிலேயே நடக்கின்றன. பறக்கும் கப்பல்களின் மீது வைப்பர் என்ற எதிரியுடன் நடக்கும் மோதல் மட்டும் அந்த அமைப்பை உடைத்து, கப்பல் விட்டுக் கப்பல் தாவும் அற்புதமான துரத்தலின் உச்சமாக அமைகிறது.

எதிரிகளைப் பற்றிய என் குறை இதைவிடப் பெரியது. குபென் பிளிஸ்க் தலைமையிலான கூலிப்படையினர் ஒவ்வொருவருக்கும் நல்ல பெயரும் நல்ல டைட்டனும் குரலும் இருக்கின்றன. ஆனால் கேன், ரிக்டர், ஸ்லோன் ஆகியோர் வந்து, மிரட்டி, சண்டையிட்டு, மறைந்துவிடுகிறார்கள். பிளிஸ்க் ஒருவன் மட்டுமே மனத்தில் நிற்கிறான், ஏனென்றால் அவனுக்கு ஒரு தொழில்தர்மம் இருக்கிறது: கூலி பேசியது எதற்கோ அதை மட்டும் செய்வான். ஐ.எம்.சி.யின் ஜெனரல் மார்டர் கொள்கை பேசும் ஓர் உருவம் மட்டுமே. மிலிஷியாவின் தளபதி சாரா பிரிக்ஸுக்கும் போதிய இடம் தரப்படவில்லை. ஃபோல்டு ஆயுதத்தின் இலக்கு மிலிஷியாவின் தலைமையிடமான ஹார்மனி என்ற கோள். அங்கே வாழும் மக்களை ஒரு முறையாவது நமக்குக் காட்டியிருந்தால் இறுதிப் போரின் எடை பல மடங்கு கூடியிருக்கும். ஒரு நிறுவனம் கோள்களைச் சொத்தாக எண்ணி ஆள்வது, அதை மக்கள் எதிர்ப்பது என்ற இவ்வளவு வளமான அடித்தளத்தை வைத்துக்கொண்டு, அதன் அரசியலுக்குள் கதை இறங்க மறுப்பது எனக்கு உண்மையான ஏமாற்றம். இரண்டு பேரின் நட்பைச் சொல்வதற்காக உலகத்தைச் சுருக்கிவிட்டார்கள். அந்தத் தேர்வை நான் புரிந்துகொள்கிறேன், இழப்பு இழப்புதான்.

பலர் சேர்ந்து ஆடும் பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அட்ரிஷன் என்ற முறையில் ஆறு பேருக்கு ஆறு பேர் மோதுகிறார்கள். களத்தில் கணினி இயக்கும் சிப்பாய்களும் இருப்பதால், புதிதாக வருபவரும் ஏதேனும் பங்களிக்க முடிகிறது. புள்ளிகள் சேர்ந்ததும் வானத்திலிருந்து டைட்டன் இறங்கும் கணம் எத்தனை முறை பார்த்தாலும் சலிப்பதில்லை. எதிரி டைட்டனின் முதுகில் ஏறி மின்கலத்தைப் பிடுங்கி வந்து, தோழரின் டைட்டனுக்குப் பொருத்தும் ஏற்பாடு, முதல் பாகத்தில் இல்லாத நல்ல சேர்க்கை. கதையில் நாம் பி.டி.க்குச் செய்த அதே உதவி இங்கே மனிதருக்கு மனிதர் செய்யும் உதவியாகிறது. வெளியீட்டுக்குப் பிறகு வந்த வரைபடங்களும், 2017-இல் சேர்ந்த மோனார்க் என்ற ஏழாவது டைட்டனும், நான்கு பேர் சேர்ந்து அலையலையாக வரும் எதிரிகளைத் தடுக்கும் ஃபிரான்டியர் டிஃபென்ஸ் முறையும் தனிக் கட்டணமின்றி வழங்கப்பட்டன. பிற்காலத்தில் சேவையகங்கள் தாக்குதல்களால் தடுமாறிய காலமும் உண்டு. கணினியில் ஆடுவோர் நார்த்ஸ்டார் என்ற பெயரில் தாங்களே சேவையகம் நடத்தும் வழியை உருவாக்கிக்கொண்டார்கள். ஒரு விளையாட்டை மக்கள் எவ்வளவு நேசித்தால் இத்தனை உழைப்பை இலவசமாகக் கொடுப்பார்கள் என்பதை இது காட்டுகிறது.

அந்த நேசம் வெளியான நாளில் கிடைத்திருக்க வேண்டும். பேட்டில்ஃபீல்டு 1 அக்டோபர் 21 அன்றும், கால் ஆஃப் டூட்டி: இன்ஃபினிட் வார்ஃபேர் நவம்பர் 4 அன்றும் வெளிவர, இரண்டுக்கும் நட்டநடுவில் டைட்டன்ஃபால் 2 விழுந்தது. பேட்டில்ஃபீல்டு 1-ஐ வெளியிட்டதும் இதே எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ்தான். தனியாள் கதைப்பகுதியே இல்லாமல் 2014-இல் வந்த முதல் பாகத்தைக் கண்டு, இதிலும் கதை இருக்காது என்று கருதிக் கடந்துபோனவர்களும் உண்டு. 2019 பிப்ரவரியில் இதே உலகத்தில் அமைந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற விளையாட்டு இலவசமாக வெளிவந்து உலகெங்கும் பரவிய பிறகுதான், பலர் பின்னோக்கி வந்து இதைத் தேடிப் பிடித்தார்கள். ஆனால் அதில் சுவர் ஓட்டமும் இல்லை, டைட்டன்களும் இல்லை. மூன்றாம் பாகம் வரும் என்று காத்திருப்பவர்களில் நானும் ஒருவன்.

இப்போது ஆட விரும்புவோருக்கு வழி எளிது. 2020 முதல் கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்திலும் கிடைக்கிறது. அடிக்கடி பெரும் தள்ளுபடியில் வருகிறது. புதிய தலைமுறைக் கன்சோல்களிலும் ஓடுகிறது. நடுத்தரக் கணினியிலும் சீராக நடக்கிறது. வழக்கமான நிலையைவிட ஒரு படி கடினமாக வைத்து ஆடும்படி பரிந்துரைப்பேன், ஏனென்றால் எளிய நிலையில் நின்ற இடத்திலிருந்தே சுட்டு வென்றுவிடலாம். கடினம் கூடும்போதுதான் ஓட வேண்டிய தேவை வருகிறது, ஓடும்போதுதான் இந்த விளையாட்டு தன்னைக் காட்டுகிறது. முடிவை அறியாமல் ஆட விரும்புவோர் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எஞ்சியிருப்பது இறுதிக் கட்டத்தைப் பற்றியது.

இறுதிக்கு அருகில் பி.டி.யின் உடல் நொறுக்கப்படுகிறது. கூப்பர் அதன் அறிவுக்கருவை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுகிறான். கையில், எதிரிகளைத் தானே குறிவைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் பிஸ்டல். அதுவரை கற்ற ஓட்டம் முழுவதும் அந்தச் சில நிமிடங்களில் ஒன்றுசேர்கிறது. குறிபார்க்கும் கவலையே இல்லாததால் சுவரிலிருந்து சுவருக்குப் பாய்வது மட்டுமே நம் வேலை. பிறகு பிரிக்ஸ் அனுப்பும் புதிய வேன்கார்ட் உடலில் அந்தக் கருவைப் பொருத்துகிறோம். முதல் நாளில் மின்கலம் பொருத்திய அதே கைகள். ஸ்லோன் வீழ்கிறாள், கூலி ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் பிளிஸ்க் கூப்பரைக் கொல்லாமல் விட்டுச் செல்கிறான். ஃபோல்டு ஆயுதத்தை நிறுத்த ஒரே வழி, டைட்டனோடு அதற்குள் பாய்வது. கூப்பரும் பி.டி.க்குள் அமர்ந்து அதற்குத் தயாராகவே இருக்கிறான்.

அந்தரத்தில் பி.டி. அவனை வெளியே எடுக்கிறது. பைலட்டைப் பாதுகாப்பது மூன்றாம் நெறிமுறை என்பதைச் சொல்கிறது. இன்னொரு பைலட்டை இழக்கத் தான் ஒப்பவில்லை என்கிறது. லாஸ்டிமோசாவைப் பற்றி அதுவரை அது துயரம் எதையும் வெளிக்காட்டியதில்லை. பிறகு, இத்தனை மணி நேரமாக நாம் பழகிய அதே கை, அதே வீச்சு. அது நம்மைத் தூக்கி எறிகிறது. எறியப்படும்போது கட்டுப்பாடு நம்மிடம் இருக்காது என்பது நமக்கு முன்பே தெரியும். அது சரியாகவே எறியும் என்பதும் தெரியும். அந்தத் தெரிதல்தான் என் கண்ணைக் கலங்க வைத்தது. பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு, லாஸ்டிமோசாவிடமிருந்து கூப்பருக்கு வந்த தலைக்கவசம் இருளில் கிடக்கிறது. அதன் விளக்குகள் விட்டுவிட்டு மின்னுகின்றன. அந்த மின்னலைக் கணினிக் குறிகளாக எழுதிப் படித்தால் வருவது ஒரு பெயரும் ஒரு கேள்விக்குறியும்: ஜாக்?